போதும் என்று யார் சொல்வது?

1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் ரயிலை விட்டு இறங்கிய பதினாறு வயது வேங்கடராமனிடம் மூன்றரை ரூபாய் இருந்தது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு, பாக்கியை ஒரு கடிதத்தோடு வீட்டிலேயே விட்டுவிட்டு மதுரையிலிருந்து கிளம்பியவர் அவர். அதுவும் தீர்ந்துபோக, திருக்கோவிலூர்ப் பக்கம் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். அண்ணாமலையார் சன்னிதியைக் கண்டபின் மிச்சக் காசு அய்யங்குளத்தில் போனது, தலைமுடி போனது, வேட்டி கிழிந்து ஒரு கோவணமானது. பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட அவர், மறைந்த 1950 ஏப்ரல் 14 வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. தனக்கென்று வேறு உடை தேடவும் இல்லை. அதே ஊரில் உள்ள அண்ணாமலையின் 2,668 அடி உச்சிக்கு, கார்த்திகை தீபத்துக்காக 3,500 கிலோவும் அதற்கு மேலும் நெய் ஏறுகிறது. ஆயிரம் மீட்டர் காடாத் துணி திரியாகிறது. கோவணத்தையும் தீபக் கொப்பரையையும் ஊர் ஒன்றுபோலவே கும்பிடுகிறது. இதில் முரண்பாடு இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பதினோரு நாள் அணையாமல் எரிய வேண்டும், பல கல் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்பது தீபத்துக்கு விதித்த வேலை. அந்த வேலைக்கு அவ்வளவு நெய் வேண்டும். துறவியின் உடலுக்குத் துணி செய்ய வேண்டிய வேலை வேறு, அதற்கு ஒரு முழம் போதும். வேலையைச் சொல்லாமல் அளவை மட்டும் சொன்னால் அது கூடுதலா குறைவா என்று எவராலும் சொல்ல முடியாது.

இந்த எளிய உண்மையை வைத்து, கடைவீதியில் தினமும் எழும் ஒரு கேள்வியைப் பார்க்கலாம். லேப்டாப் கம்பெனிகள் ஒவ்வொரு வரிசையிலும் ஆகக் குறைந்த விலைக்கு ஒரு மாடல் வைக்கின்றன. ‘பேஸ் மாடல்’ என்பார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் விலை அதனுடையதுதான். கொடுக்கிற காசுக்கு அதில் இருக்கும் ரேம் போதுமா? இதைத் தொழில்நுட்பக் கேள்வி என்று எண்ணி, எண்களைக் கூட்டிக் கழித்துப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் எண்ணை அடுக்கினாலும் கேள்வி தீர்வதில்லை. ஒரு பொருள் தன் வேலைக்குப் போதுமானதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு, விற்பவருக்கா வாங்குபவருக்கா என்பது அதற்கு அடியில் கிடக்கிறது. அது அறம் சார்ந்த கேள்வி. நம்மூர்ச் சமயங்களும் வணிக நெறிகளும் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கின்றன.

முதலில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கணினி இந்த நிமிடம் செய்துகொண்டிருக்கும் வேலைக்கான இடம் ரேம். மின்சாரம் நின்றால் அது காலி. கோப்புகள் நிலையாகத் தங்கும் இடம் எஸ்எஸ்டி. கடையில் இரண்டையும் மெமரி என்றே சொல்லி, 8 ஜிபியையும் 512 ஜிபியையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பதால் வாங்க வந்த பெற்றோருக்குப் பெரிய எண் மட்டும்தான் காதில் நிற்கிறது. அட்டைப்பெட்டியில் 8 என்று அச்சிட்டிருந்தாலும் அத்தனையும் நம் வேலைக்கு வராது. இயங்குதளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மாடல்களில் திரைக்கு வேண்டிய நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகும். மிச்சத்தில்தான் பிரவுசர், பாட வீடியோ, ஆன்லைன் வகுப்பு எல்லாம். ரேம் நிறைந்துவிட்டால் கணினி உடனே நின்றுவிடாது. அப்போதைக்குத் தேவையில்லாததை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்து வரும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால், அந்தப் போக்குவரத்து கூடக் கூட எல்லாமே தடுமாறத் தொடங்கும். கடை மேசையில் வைத்துப் பார்க்கும்போது இது தெரியாது. மூன்றாம் வருடம், மென்பொருள்கள் எல்லாம் பருத்தபின் தெரியும். பருப்பதும் நிச்சயம். 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் விதித்த குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி. 2024 மே மாதம் அதே நிறுவனம் ‘கோபைலட் பிளஸ்’ என்ற புதிய வகைக் கணினிகளுக்கு விதித்த குறைந்தபட்சம் 16 ஜிபி. இரண்டும் வேறு வகை என்பது சரிதான். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

விலைக்கும் அளவுக்கும் உள்ள உறவைப் பற்றி, அளவை விற்றவர்களே கொடுத்த சாட்சியம் ஒன்று உண்டு. 2023 இறுதியில் ஆப்பிள் நிறுவனம் எம்3 சிப் கொண்ட 14 அங்குல மேக்புக் ப்ரோவை இந்தியாவில் 1,69,900 ரூபாய்க்கு வெளியிட்டது. ‘ப்ரோ’ என்று பெயர் வைத்த அந்தக் கருவியின் பேஸ் மாடலில் ரேம் 8 ஜிபி. இன்னொரு 8 வேண்டுமானால் 20,000 ரூபாய் கூடுதல். சாதாரண லேப்டாப்பில் செருகும் 8 ஜிபி ரேமைத் தனியாக வாங்கினால் அப்போது கடைகளில் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆப்பிள் பயன்படுத்துவது அதே ரகம் இல்லை, சிப்போடு சேர்த்தே வைப்பது, வேகம் கூடியது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் பத்து மடங்கை விளக்க அது போதாது. விமர்சனம் எழுந்தபோது, தங்கள் 8 ஜிபி மற்ற கணினிகளின் 16 ஜிபிக்கு நிகராக இருக்கலாம் என்று நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் துணைத் தலைவர் பாப் போர்ச்சர்ஸ் விளக்கம் தந்தார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கணினிகள் நினைவகத்தைச் சுருக்கிப் பயன்படுத்துவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை. ஆனால் ஒரு பெரிய வீடியோ கோப்பு எந்தக் கம்பெனியின் பெட்டிக்குள் நுழைந்தாலும் தன் பருமனைப் பாதியாக்கிக்கொள்வதில்லை. ஓராண்டுகூட முழுசாகக் கழியவில்லை. 2024 அக்டோபர் 30 அன்று எம்2, எம்3 மேக்புக் ஏர்களின் பேஸ் மாடலை ஆப்பிள் 16 ஜிபிக்கு உயர்த்தியது. விலையில் மாற்றமில்லை, இந்தியாவில் எம்2 ஏர் அதே 99,900 ரூபாய்தான். முந்தைய நாள்வரை 20,000 ரூபாயாக இருந்த ஒன்று மறுநாள் சும்மா கிடைத்தது. சிப் அதே, உடல் அதே, திரை அதே. அப்படியானால் முந்தைய நாள் விலைக்குள்ளேயே அந்த இரண்டாவது எட்டுக்கும் இடம் இருந்திருக்கிறது, கொடுக்கவில்லை என்றுதான் பொருள். ஏன் அப்போது கொடுத்தார்கள் என்பது இன்னும் சுவையானது. அந்த வாரம்தான் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு வசதிகள் மேக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தன. அவை நினைவகத்தை நிறையத் தின்பவை. வாங்குபவரின் வேலைக்கு வேண்டியிருந்தவரை அது 20,000 ரூபாய்ச் சரக்கு. கம்பெனியின் வேலைக்கு வேண்டியதாக ஆனதும் இலவசம் என்று நான் இதை வாசிக்கிறேன். நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

விற்பவர் தரப்பில் ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. எட்டு என்று எழுதி எட்டைத்தான் கொடுக்கிறோம். எடை குறைக்கவில்லை, கலப்படம் செய்யவில்லை. வேண்டுமானால் வாங்கட்டும், வேண்டாமென்றால் கூடுதல் கொடுத்து மேல் மாடலை எடுக்கட்டும். இதில் அறம் எங்கே கெட்டது? இந்த மறுப்பைச் சட்டென்று தள்ள முடியாது, ஏனென்றால் அளவில் பொய் சொல்லாமை என்பதே பெரிய சாதனையாக இருந்த காலம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை எடை போட்ட கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்று இறைவனின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அளவுகோலுக்குக் கடவுளின் பெயரைச் சூட்டிய சமூகத்துக்கு அளவில் கைவைப்பது எவ்வளவு பெரிய குற்றமாகப் பட்டிருக்கும் என்பது விளங்குகிறது. ஆனால் நம் மரபு அங்கேயே நின்றுவிடவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை பாராட்டும்போது, வாங்கும்போது கூடுதலாக எடுக்காதவர்கள், விற்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள் என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. திருக்குறளின் 12ஆம் அதிகாரமான நடுவு நிலைமை, வணிகரைப் பற்றிய குறளோடு முடிகிறது; பிறர் பொருளையும் தன் பொருள்போலவே கருதுவதுதான் வணிகம் என்பது அதன் கருத்து. பெட்டியில் எழுதியதைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று வள்ளுவர் விடவில்லை. தன் பிள்ளைக்கு வாங்கினால் இதை எடுப்போமா என்று விற்பவரைத் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். பேஸ் மாடல் தேறாமல் போவது இந்தச் சோதனையில்தான். அரிசி வாங்குபவருக்குத் தன் வீட்டுக்கு எத்தனை படி வேண்டும் என்று தெரியும். முதன்முதலாகக் கணினி வாங்கும் குடும்பத்துக்கு எத்தனை ஜிபி வேண்டும் என்று தெரியாது, விற்பவருக்குத் தெரியும். அறிவு ஒரு பக்கமே குவிந்திருக்கும் வியாபாரத்தில் எழுதியதைக் கொடுத்தேன் என்பது பாதி நேர்மைதான். போதாக்குறைக்கு, இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அதற்கு இடம் மிச்சம், மின்சாரம் மிச்சம், வேகம் என்று உண்மையான காரணங்கள் உண்டு. ஆனால் விளைவு என்ன? ரேமைச் செருகும் ஸ்லாட் இருந்தால் வாங்குபவர் பிழையாகக் கணித்திருந்தாலும் இரண்டு வருடம் கழித்துத் திருத்திக்கொள்ளலாம். பற்றவைத்ததில் கடையில் சொன்ன ‘போதும் சார்’ என்பதே ஆயுள் தண்டனை. பத்து மடங்கு விலையும் பற்றவைத்த ரேமும் சேரும்போது, மலிவு மாடல் என்பது மேல் மாடலை வாங்கத் தூண்டுவதற்காகவே குறை வைத்துச் செய்ததோ என்ற சந்தேகம் நியாயமாகவே வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, ஆசிரமங்களும் மடங்களும் நிறைந்த திருவண்ணாமலையில் எளிதாக எழக்கூடிய இன்னொரு மறுப்பு இருக்கிறது, எனக்கு இதுதான் கனமானதாகத் தோன்றுகிறது. எட்டு போதாது, பதினாறு வேண்டும், நாளை முப்பத்திரண்டு வேண்டும் என்று ஓடுவது ஆசையின் இயல்பு. குறையோடு நிறைவாக இருக்கக் கற்றுக்கொள்வதல்லவா சமயம் சொல்லும் வழி? கோவணத்தோடு வாழ்ந்தவரின் ஊரில் ரேமுக்கு வழக்காடுவது பொருந்துமா? இதற்குப் பதில் அந்த மாவட்டத்திலேயே, போளூருக்குப் பக்கத்துத் திருமலையில் இருக்கிறது. குந்தவை ஜினாலயமும் பாறையில் எழும் நேமிநாதரின் பெருஞ்சிலையும் உள்ள அந்தச் சமணத் தலத்தின் மரபு, பற்றின்மையை நம்மில் எவரையும்விடக் கடுமையாக எடுத்துக்கொண்டது. துறவிக்கு முழுத் துறவு. இல்லறத்தாருக்கோ, ஐந்து சிறு நோன்புகளில் கடைசியாக, தன் உடைமைக்குத் தானே ஒரு வரம்பு கட்டிக்கொள்ளும் நோன்பு. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இதற்கு மேல் வேண்டாம் என்று அவரே சொல்லி, அவரே காக்க வேண்டும். வரம்பைக் கட்டுபவரும் அதற்குள் வாழ்பவரும் ஒருவரே என்பதால்தான் அது நோன்பு. வேறொருவர் தன் லாபத்துக்காக நமக்குக் கட்டும் வரம்புக்கு அந்தப் பெயர் கிடையாது. பந்தியில் இலையைக் கையால் மறைத்துப் போதும் என்பவர் சாப்பிடுபவர்; கரண்டியை வைத்திருப்பவரே அதைச் சொன்னால் அந்த வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும்.

ரமணரை எளிமைக்குச் சாட்சியாக அழைப்பவர்கள் அவருடைய அடுக்களையையும் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன்பே ஆசிரமச் சமையலறைக்குள் வந்து காய் நறுக்கிய, அரைத்த, பதம் பார்த்த மனிதர் அவர். சிந்திய அரிசி வீணாவதைப் பொறுக்காதவர். ஆனால் உலை வைப்பது வந்தவர்களின் எண்ணிக்கைக்கு. அவருடைய கோவணம் அவருக்கு மட்டும்தான் அளவு. பக்தர்களின் பசிக்கு அதை அவர் அளவாக வைக்கவில்லை. அவர் தாயின் சமாதி மேல் கருங்கல்லில் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தபோது அவர் அங்கேயே இருந்தார். நிறைவு மனிதருக்கு உரிய குணம், கருவியின் இலக்கணம் வேறு. மழுங்கிய உளியோடு நிறைவடையும் சிற்பியை எந்த மரபும் ஞானி என்றதில்லை. ஆண்ட்ராய்டு செயலி எழுதப் படிக்கும் மாணவி, அதற்கான ஸ்டுடியோ மென்பொருளோடு எமுலேட்டரையும் ஓட்டக் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்லியிருக்க, 8 ஜிபி பெட்டியோடு மல்லுக்கட்டுவது தவம் அல்ல, நேர விரயம். அதே நேரத்தில், கட்டுரை தட்டச்சு செய்வதும் பாட வீடியோ பார்ப்பதும் மட்டுமே வேலையாக உள்ளவர் 32 ஜிபிக்குத் தவணை கட்டினால், ஆசையைப் பற்றிய அந்த மறுப்பு அவருக்குச் சரியாகவே பொருந்தும். வேண்டாததை வாங்குவதும் அளவு தெரியாமையே.

பணம் வாங்காமல் கொடுத்தால்? தமிழ்நாட்டில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் மூலம் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முதல் கட்டத்தில் போன கருவிகளில் 2 ஜிபி ரேம் இருந்தது. 2026 ஜனவரி 5 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த கல்லூரி மாணவர்களுக்கான திட்டத்தில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று இங்கே சிலர் பழமொழியை எடுத்து நீட்டுவார்கள். வரிப்பணத்தில் வாங்கியது தானம் ஆகாது, பல்லைத் தாராளமாகப் பார்க்கலாம். பார்த்தால், இந்த எட்டை ஆப்பிளின் எட்டோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் என் தீர்ப்பு. 2025-26 நிதிநிலை அறிக்கை சொன்ன இலக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்கள். ஒருவருக்குக் கூட்டினால் வேறொருவருக்குக் குறையும். இங்கே மிச்சம் பிடித்தது முதலாளியின் பைக்குப் போவதில்லை, அடுத்த மாணவரின் கைக்குப் போகிறது. அப்படிப்பட்ட குறைவுக்கு நியாயம் உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு என்பதற்கு அந்த நியாயம் நீளாது. திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி போன்ற ஓரிடத்தில் தமிழ் இலக்கியமும் கணினி அறிவியலும் ஒரே வளாகத்தில் படிக்கப்படுகின்றன. இரண்டு வகுப்பின் வேலையும் ஒன்றல்ல. பாடப்பிரிவை அரசு அறியும்; கேட்டால் தேவையும் தெரியும். முதல் பிரிவினருக்கு 8 ஜிபி தாராளம், இரண்டாம் பிரிவினருக்குப் பற்றாக்குறை என்பதைக் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிட முடியும்.

கடைசியாகக் காலத்தைக் காட்டி ஒரு வாதம் வரும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகம் முழுதும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவக உற்பத்தியின் பெரும்பங்கை இழுத்துக்கொள்கின்றன. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில், சாதாரண வாங்குபவர்களுக்கான தன் ‘குரூஷியல்’ வணிகத்திலிருந்தே வெளியேறுவதாக அறிவித்தது. இந்த நிலையில் பேஸ் மாடலில் 16 ஜிபி கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். விலை ஏறினால் விலையை ஏற்றட்டும். அது வெளிப்படையானது, வாங்குபவர் தன் வசதியைப் பார்த்து முடிவெடுப்பார். விலை மலிந்திருந்த வருடங்களில் பத்து மடங்கு வைத்து விற்றவர்கள், ஏறிய வருடத்தில் மட்டும் உற்பத்திச் செலவைக் காட்டி இரக்கம் கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ரேம் விலை ஏறியிருக்கும் இந்தக் காலத்துக்கு உண்மையில் பொருந்துவது ஸ்லாட்தான். இன்று எட்டோடு விற்று, விலை இறங்கியதும் வாங்குபவரே சேர்த்துக்கொள்ள ஓர் இடம் விட்டு வைத்தால் எந்தக் கம்பெனியும் நொடித்துவிடாது. மூன்றே வருடத்தில் நல்ல திரையும் நல்ல கீபோர்டும் உள்ள ஒரு பெட்டி குப்பைக்குப் போவதும் தவிரும்.

ஆகவே, ஒரு லட்சத்தை ஒட்டிய விலைக்கு 8 ஜிபியைப் பற்றவைத்துக் கொடுப்பது அநியாயம். முப்பதாயிரம் ரூபாய்ச் சுற்றில், ஸ்லாட் திறந்திருந்தால், அதே 8 ஜிபி நியாயமான சரக்கு. கடைக்குப் போகிறவர்கள் பெட்டியின் எண்ணைக் கேட்பதற்கு முன் பிள்ளை என்ன படிக்கப்போகிறது, எத்தனை வருடம் இதை வைத்து ஓட்ட வேண்டும் என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ரேம் பின்னால் கூட்ட முடியுமா, முடியாதா? முடியாது என்றால், நான்கு வருடப் படிப்புக்கு 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.